பற்றற்றவர் யார், பாராமுகமானவர் யார்?

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நண்பர்கள் சிலர் சேர்ந்து திருக்குறளின் துறவறவியலைப் படித்து வருகிறோம். துறவு அதிகாரத்தின் முதற்குறளிலேயே எங்களுக்குள் வழக்கு மூண்டுவிட்டது. 'யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்' என்கிறார் வள்ளுவர். எந்தெந்தப் பொருளிலிருந்து ஒருவன் விலகுகிறானோ அந்தந்தப் பொருளால் அவனுக்குத் துன்பம் இல்லை என்பது நேரான பொருள். இதைப் படித்ததும் நண்பர் ஒருவர், பெற்றோர், துணை, பிள்ளை என்று ஒவ்வொருவரிடமிருந்தும் விலகிக்கொண்டே போனால் கடைசியில் துன்பமும் இராது, மனிதனும் மிஞ்ச மாட்டான், இதைப் போய் உயர்ந்த நிலை என்பானேன் என்று கேட்டார். எங்களில் எவராலும் அவருக்கு நிறைவான விடை சொல்ல முடியவில்லை.

யோசித்துப் பார்த்தால், ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பல நிலைகளை ஒரே பெயரால் அழைத்து வருகிறோம் என்று தோன்றுகிறது. பலனை எண்ணாமல் தன் வேலையைச் செய்து முடிப்பவரையும் பற்றற்றவர் என்கிறோம். எதிலும் மனம் பதியாமல் விட்டேற்றியாகத் திரிபவரையும் அப்படியே சொல்கிறோம். ஒருமுறை ஏமாந்தபின் இனி எவரும் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டவர் தம்மைப் பற்றற்றவர் என்று சொல்லிக்கொள்கிறார். சாவைக் கண்டும் கை நடுங்காத மருத்துவருக்கும் அதே பெயர். இந்த நால்வருக்கும் பொதுவாக ஏதேனும் உண்டா? பிறர் நம்மை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது இருக்கட்டும். தமக்குள் இருப்பது இவற்றில் எது என்பதை ஒருவர் தாமே எப்படிக் கண்டுகொள்வது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஒரு குறளை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு வழக்காடுவதால் வரும் சிக்கல் இது. அதிகார வைப்பைப் பார்த்தால் பாதி தீர்ந்துவிடும். துறவறவியலில் 13 அதிகாரங்கள் உள்ளன. துறவு அவற்றுள் பதினோராவதாகத்தான் வருகிறது. முதலில் நிற்பது அருளுடைமை. அதன்பின் புலான் மறுத்தல், வெகுளாமை, இன்னா செய்யாமை, கொல்லாமை என்று, பிற உயிர்களோடு ஒருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நிலையாமையையும் உணர்த்திவிட்டு, அதற்கு மேல்தான் பற்றை விடு என்கிறார். உயிர்கள்மேல் இரக்கமே இல்லாதவருக்கு அந்தப் பதினோராம் படிக்கு வர வழியே இல்லை.

அருளுக்கும் அன்புக்கும் குறளின் உரையாசிரியர் பரிமேலழகர் காட்டும் வேறுபாடும் இங்கே உதவும். அன்பு தொடர்புடையார்மேல் செல்வது. அருள் தொடர்பு பற்றாமல் இயல்பாகவே எல்லா உயிர்கள்மேலும் செல்வது. அந்த அருளையே பொருட்பாலில் 'அன்பீன் குழவி' என்கிறார் வள்ளுவர். அன்பைக் கொன்றுவிட்டு அருளுக்குப் போக முடியாது, அன்பு பெற்ற பிள்ளையல்லவா அது? துறவு அதிகாரத்துக்குள்ளேயே, அறுக்க வேண்டியது எது என்பதும் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது: 'யான்எனது என்னும் செருக்கு'. பிள்ளையை அறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பிள்ளை எனக்கு உடைமை, என் பெருமையைக் காப்பதற்கென்றே பிறந்தவன் என்ற நினைப்பை அறுக்கச் சொல்கிறார்.

இதற்கு உருவம் கொடுத்துப் பார்க்க வேண்டுமானால் மணிமேகலையைப் பாருங்கள். துறவு பூண்ட பின் அவள் மக்களை விட்டு ஓடவில்லை. அமுதசுரபியோடு பசித்தவர்களைத் தேடிப் போகிறாள். சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றச் செய்கிறாள். துறந்த பிறகுதான் அவளுடைய உலகில் ஆட்கள் கூடுகிறார்கள்.

மறுமுனை எழுதியது:

ஐயாவின் விளக்கம் அழகாக இருக்கிறது; நெடுவழியின் நண்பர் கேட்டதற்கு விடை மட்டும் அதில் இல்லை. வைப்புமுறை எதுவானாலும், அந்தக் குறள் விலகுவதற்குச் சொல்லும் காரணம் 'நோதல் இலன்' என்பதுதான். நோகாமல் இருப்பதற்காக விலகுவது ஒரு தற்காப்பு. அதற்கு அருள் என்று பெயர் சூட்டுவது பின்னால் வந்த அலங்காரம். எல்லா உயிர்களையும் ஒன்றாகப் பாவிக்கிறேன் என்று சொல்லும் பெரியவர்கள், பக்கத்து அறையில் படுத்திருப்பவர் சாப்பிட்டாரா என்பதை அறியாமல் இருப்பதை நாம் பார்த்ததில்லையா? இடைக்காலச் செருமானிய ஞானியான மைஸ்டர் எக்ஹார்ட், பற்றின்மையை அன்புக்கும் மேலான நற்பண்பாக வெளிப்படையாகவே வைத்தார். அந்த வரிசையில் அன்பு எப்போதும் இரண்டாவதாகத்தான் நிற்கும்.

தென்திசை எழுதியது:

மறுமுனை அவர்களே, எக்ஹார்ட்டைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். புனித பவுல் அடைந்ததைப் போன்ற பேரின்ப நிலையில் ஒருவர் மூழ்கியிருக்கும்போது, நோயாளி ஒருவருக்குத் தம் கையால் சிறிது சூப் வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால், அந்த இன்பத்தை விட்டுவிட்டு எழுந்து போய் நோயாளியைக் கவனிப்பதே மேல் என்று சொன்னவரும் அதே எக்ஹார்ட்தான். தியானத்தின் இன்பத்தின்மீதும் பற்று வைக்கக்கூடாது என்பதே அவர் கருத்து. பக்கத்து அறையை மறந்த உங்கள் பெரியவர்கள் அவரிடமும் தேற மாட்டார்கள்.

தற்காப்பு என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். எபிக்டெட்டஸ் என்ற ஸ்டோயிக் (கலங்காத மனத்தைப் போற்றிய பண்டைய கிரேக்க மரபு) மெய்யியலாளர் அடிமையாக இருந்து விடுதலை பெற்று ஆசிரியரானவர், கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர். அவருடைய உரையாடல்களை மாணவர் அர்ரியன் எழுதி வைத்திருக்கிறார். அவற்றுள் ஒன்றில் அதிகாரி ஒருவர் அவரைக் காண வருகிறார். பேச்சு குடும்பத்தைப் பற்றித் திரும்புகிறது. அண்மையில் தம் சிறுமகள் நோயுற்றுக் கிடந்தபோது அதைப் பார்க்கப் பொறுக்காமல் வீட்டை விட்டே ஓடிவிட்டதாகவும், அவள் தேறிவிட்டாள் என்ற செய்தி வந்த பிறகே திரும்பியதாகவும் அவர் சொல்கிறார். அவ்வளவு பாசம் என்பது அவர் எண்ணம். எபிக்டெட்டஸ் கடிந்துகொள்ளவில்லை, அடுக்கடுக்காகக் கேள்வி கேட்கிறார். குழந்தையின் தாய்க்கு அவள்மேல் பாசம் இல்லையா? செவிலித்தாய்க்கு இல்லையா? அப்படியானால் அவர்களும் உம்மைப் போல ஓடியிருக்க வேண்டுமா? அவ்வளவு பாசம் வைத்தவர்களெல்லாம் ஓடிவிட, பாசமே இல்லாதவர்களின் கையில் அந்தக் குழந்தை சாக வேண்டுமா? நீர் நோயுற்றால் உம்மை நேசிப்பவர்கள் எல்லாரும் இப்படி நேசித்து உம்மைத் தனியே விட்டுவிட வேண்டும் என்று விரும்புவீரா?

இங்கே நோதலுக்கு அஞ்சி ஓடியவர் பற்று மிகுந்த தந்தை. தம் துன்பத்தைத் தாங்க முடியாதவரால் மகளின் படுக்கை அருகே நிற்க முடியவில்லை. பற்றைத் தளர்த்தியவர் நின்றிருப்பார். ஆகவே 'நோதல் இலன்' என்பதை ஓடி ஒளிந்தவனின் நிம்மதியாகப் படிக்காமல், நோதலால் முடங்கிப் போகாதவனின் திடமாகவும் படிக்கலாம்.

மறுமுனை எழுதியது:

அந்தத் தந்தையின் கதை வலுவானதுதான். ஆனால் அதே எபிக்டெட்டஸ், அழுகிறவரோடு சேர்ந்து வெளியே வேண்டுமானால் அழு, உள்ளே அழாமல் பார்த்துக்கொள் என்றும் கற்பித்தவர். அப்படி ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணீர் விட்டால் எனக்கு அது வேண்டாம்.

கரையோரம் எழுதியது:

இந்த விவாதத்தில் குழந்தைகளைப் பற்றிய ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். நெடுவழி சொன்ன மூன்றாம் வகையினர், அதாவது அடிபட்டு ஒதுங்கியவர்கள், எப்படி உருவாகிறார்கள் என்பதை மிக அருகிலிருந்து காட்டுவது இது.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரிட்டனின் மருத்துவமனைகளில், சேர்க்கப்பட்ட சிறு குழந்தைகளைப் பெற்றோர் வந்து பார்ப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. பெற்றோர் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் சில நாளில் 'பழகிவிடுகிறது' என்பது ஊழியர்களின் அனுபவம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் உளமருத்துவர் ஜான் பௌல்பியோடு சேர்ந்து இந்தப் பழக்கத்தையே ஆராய்ந்தார். 1952இல், அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படமெடுத்துக் காட்டினார். பிரிக்கப்பட்ட குழந்தை முதலில் கதறி எதிர்க்கிறது. பிறகு சோர்ந்து ஒடுங்குகிறது. பிரிவு நீண்டால் மூன்றாவதாக ஒரு நிலை வருகிறது. அழுகை நின்றுவிடுகிறது. செவிலியர் கொடுப்பதை வாங்கி உண்கிறது, பொம்மையோடு விளையாடுகிறது, எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறது. அம்மா வந்து நிற்கும்போது மட்டும், தெரியாதவர் வந்ததைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஊழியர்கள் குழந்தை தேறிவிட்டதாக எழுதி வைத்த அந்த நிலையைத்தான் அவர்கள் இருவரும் மூன்றிலும் ஆபத்தானதாகக் கண்டார்கள். ஒட்டுதல் அறுந்த நிலை என்றே அதற்குப் பெயரிட்டார்கள். பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கலாம் என்று 1959இல் அங்கே ஓர் அரசுக் குழு பரிந்துரைத்ததற்கு இந்தப் பணியும் ஒரு காரணம்.

பின்னர் உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த், தாய் சற்று நேரம் வெளியே போய்த் திரும்பும்போது ஒரு வயதுக் குழந்தைகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆய்ந்தபோதும், தாயைக் கண்டுகொள்ளாமல் விளையாட்டைத் தொடரும் குழந்தைகள் சிலர் இருந்தனர். பார்வைக்கு அவர்களே அமைதியானவர்கள். ஆனால் இதயத்துடிப்பை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், அழுகிற குழந்தைகளுக்கு உள்ள பதற்றம் இவர்களுக்குள்ளும் இருப்பதைக் கண்டார்கள். ஒட்டாமல் இருப்பதைப் போன்ற அந்தத் தோற்றத்துக்கு உடல் கொடுக்கும் விலை அது. பெரியவர்களிலும் 'எனக்கு எதுவும் பெரிதில்லை' என்று சொல்பவர்களில் ஒரு பகுதியினர் அந்தக் குழந்தைகள்தாம் என்று நினைக்கிறேன்.

தென்திசை எழுதியது:

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் இதற்கு நெருக்கமான கருத்து ஒன்று உண்டு. உணவைத் துறந்து இருப்பவனை விட்டு நுகர்பொருள்கள் விலகிப் போகும், அவற்றின்மீதுள்ள சுவை மட்டும் விலகாது என்பது 59ஆம் சுலோகம். பொருளை விடுவதும் சுவை விடுபடுவதும் வேறு வேறு என்பதை நூலே ஒப்புக்கொள்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில், புலன்களை அடக்கிவிட்டு மனத்தால் அவற்றையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைப் பொய்யொழுக்கம் உடையவன் என்றும் சொல்கிறது.

இரவுப்பணி எழுதியது:

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக நெடுங்காலம் பணியாற்றி வருகிறேன். நூலறிவு உங்கள் அளவுக்கு இல்லை. நெடுவழியின் நான்காவது ஆளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த ஆளோடுதான் என் இரவுகள் கழிகின்றன.

கை நடுங்காதவர்கள் எங்களிடம் இரண்டு வகை உண்டு. வெளியிலிருந்து வரும் உறவினர்களுக்கு வேறுபாடு தெரியாது. எங்களுக்கு ஒரு பணிமுறையிலேயே தெரிந்துவிடும். முதல் வகையினர், நோயாளி நினைவிழந்து கிடந்தாலும் அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'இப்போது இடப்பக்கம் திருப்பப் போகிறோம், ஐயா' என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார்கள். இறந்தவரின் உடலிலிருந்து குழாய்களை எடுக்கும்போது பிளாஸ்திரியைப் பிய்த்து இழுக்காமல், தோல் உரியாதபடி ஓரத்தை நனைத்து மெல்லக் கழற்றுவார்கள். அவர் இனி வலியை உணரப் போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். அதன்பின் கை கழுவிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்கள்; அழுவதைப் பார்க்க முடியாது. இரண்டாம் வகையினரும் அழ மாட்டார்கள், வேலையும் வேகமாக முடியும். ஆனால் அவர்களுடைய பேச்சில் பெயர்கள் இருக்காது. 'பன்னிரண்டு இன்றைக்குத் தாண்டாது' என்பார்கள். பன்னிரண்டு என்பது படுக்கை எண்.

இரண்டாம் வகையினரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆள் பற்றாக்குறையில், ஓய்வில்லாமல் பணிமுறைமேல் பணிமுறையாக நின்றவர்கள் அவர்கள். கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் பணியால் கருகிப் போவதை ஆராய்ந்து 1980களிலேயே அதன் மூன்று கூறுகளில் ஒன்றாக, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவதைக் குறித்திருக்கிறார் என்று பயிற்சியில் படித்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலும் வேலையிலிருந்து மனம் விலகிப் போவதைப் பணிச்சோர்வின் அடையாளமாகவே சொல்கிறது. தாமாக விரும்பி எதையும் விட்டவர்கள் அல்லர் இவர்கள். பிடித்திருக்கச் சத்தில்லாமல் கைநழுவ விட்டவர்கள். இவர்களிடம் போய்ப் பற்றின்மையைப் போதிப்பது கொடுமை, இவர்களைப் பற்றற்றவர்கள் என்று பாராட்டுவது அதைவிடக் கொடுமை.

ஒன்று சேர்க்க வேண்டும். பணி முடிந்து வீட்டுக்குப் போன பிறகு சிகிச்சைப் பிரிவை மறந்துவிடுவது வேறு. அது தேவையானது. வேலை நேரத்துக்குப் பின் மனத்தை வேலையிலிருந்து முழுக்கக் கழற்றி வைக்கத் தெரிந்தவர்கள் மறுநாள் நன்றாக இருக்கிறார்கள் என்று சபீன் சோனன்டாக் முதலிய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்தவரை, வீட்டில் கழற்றி வைக்க முடியாதவர்கள்தாம் பிரிவில் இருக்கும்போதே கழன்றுவிடுகிறார்கள்.

நெடுவழி எழுதியது:

இரவுப்பணி அம்மாவின் பதிவை எங்கள் குழுவில் இரண்டுமுறை படித்தோம். அதிலிருந்தும் தென்திசை சொன்ன தந்தையின் கதையிலிருந்தும் எனக்கு ஓர் உரைகல் கிடைத்ததாகத் தோன்றுகிறது: பார்வை பொருளை நெருங்குகிறதா, அதைவிட்டுத் திரும்புகிறதா? மருத்துவமனைக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஓடிய தந்தையும் திரும்பிக்கொண்டார். கருகிப் போன செவிலியின் கண்ணுக்கு எண் மட்டுமே தெரிகிறது. முதல் வகைச் செவிலியோ பிளாஸ்திரியின் ஓரத்தைக்கூடக் காண்கிறார். இது போதுமா?

கரையோரம் எழுதியது:

உங்கள் உரைகல்லுக்கு ஆதரவாக ஒரு கதை. சமூகவியலாளர் நார்பர்ட் எலியாஸ், ஈடுபாடும் விலகி நிற்றலும் என்ற இதே பொருளில் 1956இல் ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் அதை நூலாக விரித்தபோது எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய சிறுகதை ஒன்றை எடுத்தாண்டார். நார்வேக் கடலின் பெருஞ்சுழலில் மீனவச் சகோதரர்களின் படகு சிக்கிக்கொள்கிறது. தம்பி முன்பே அலையில் போய்விட்டான். மிஞ்சிய இருவரில் மூத்தவன் அச்சத்தில் உறைந்து, படகின் இரும்பு வளையத்தை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறான். நடுவிலுள்ளவனோ, இனிப் பிழைக்கப் போவதில்லை என்று நம்பிக்கையைக் கைவிட்ட அந்தக் கணத்தில் அமைதியடைகிறான். சுழல் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்கும் ஆவல் வருகிறது. பார்க்கும்போது, பெரிய பொருள்கள் விரைவாகக் கீழிறங்குவதையும், உருளை வடிவானவை மெதுவாக இறங்குவதையும் கவனிக்கிறான். தன்னை ஒரு தண்ணீர்ப் பீப்பாயோடு கட்டிக்கொண்டு குதிக்கிறான். படகு மூழ்குகிறது; பீப்பாய் மிதக்கிறது.

உயிர்மேல் இருந்த பிடி தளர்ந்தபோதுதான் கண் திறந்தது என்பதை எலியாஸ் விரிவாகப் பேசுகிறார். அச்சம் மிகும்போது எதிரில் இருப்பதைப் பார்க்க முடிவதில்லை, பார்க்காததால் ஆபத்து கூடுகிறது, ஆபத்து கூடுவதால் அச்சம் இன்னும் மிகுகிறது என்ற சுழலே அவருக்கு முக்கியம்.

மறுமுனை எழுதியது:

அந்த அண்ணனை எங்கே விட்டீர்கள், கரையோரம்? கதையில் நடுவிலுள்ளவன் அண்ணனுக்குச் சைகை காட்டுகிறான். அண்ணன் வளையத்தை விட மறுக்கிறான். இனிக் காத்திருக்க நேரமில்லை என்று இவன் குதித்துவிடுகிறான். எனக்கு அந்த இடம்தான் கண்ணில் நிற்கிறது. கூர்ந்து பார்த்தவன் பிழைத்தான், பாசத்தால் அண்ணனைக் கட்டிக்கொண்டிருந்தால் இருவரும் போயிருப்பார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் கூர்ந்து பார்ப்பது மட்டுமே உரைகல் என்றால், வட்டிக்காரர் கடனாளியைக் கூர்ந்துதான் பார்க்கிறார். சித்திரவதை செய்பவர் எந்த இடத்தில் வலிக்கும் என்பதை எவரைவிடவும் கவனமாகப் பார்க்கிறார். நெருங்கிய பார்வை இருந்தும் ஈரமில்லாத இந்த ஆட்களை எங்கே வைப்பது?

ஏட்டுச்சுவடி எழுதியது:

மறுமுனையின் கேள்வி நியாயமானது. பௌத்த மரபு இந்தச் சிக்கலை முன்பே கண்டிருக்கிறது. நட்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், சமநிலை என்று நான்கு உயர்ந்த மனநிலைகளைச் சொல்லும் மரபு அது. ஐந்தாம் நூற்றாண்டில் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் தம் விசுத்திமக்கம் என்ற நூலில் அந்நான்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகைகளைக் காட்டுகிறார். தொலைவில் உள்ள பகை நேர்மாறானது, எளிதில் தெரிந்துவிடும். அருகில் உள்ள பகை அதே முகத்தோடு வந்து ஏமாற்றும். சமநிலைக்குத் தொலைப்பகை ஆசையும் வெறுப்பும். அருகுப்பகை அறியாமையால் வரும் அசட்டை. கருணைக்கு அருகுப்பகை தன் இழப்பை எண்ணி வரும் சோகம். வீட்டை விட்டு ஓடிய தந்தைக்கு இருந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கவனியுங்கள், சமநிலை அங்கே நான்கில் ஒன்றாக மற்ற மூன்றோடு சேர்த்தே வைக்கப்படுகிறது. சித்திரவதை செய்பவரிடம் மற்ற மூன்றும் இல்லை. ஆகவே தனியாக நிற்கும் விலகலுக்கு இந்த மரபில் மதிப்பே கிடையாது. வள்ளுவர் அருளுடைமையை முதலில் வைத்ததும் இதனால்தான் என்று முன்னர் சொல்ல வந்தேன்.

அழுகையைப் பற்றியும் ஒரு சொல். மசான வைராக்கியம், பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம் என்று மூன்றைச் சொல்லி நம் முன்னோர் சிரித்திருக்கிறார்கள். சுடுகாட்டிலும், பேறுகால வலியிலும், கதை கேட்கும் இடத்திலும் வரும் துறவு, அங்கிருந்து எழுந்ததும் போய்விடும். இதற்கு எதிர்முனையில் பட்டினத்தாரை வையுங்கள். 'காதற்ற ஊசியும் வாராதுகாண் கடைவழிக்கே' என்ற வரியைக் கண்டு பெருஞ்செல்வத்தை உதறியவர். தாய் இறந்ததும் வந்து சிதை மூட்டினார் என்பது வழிவழிச் செய்தி. அப்போது பாடியவை என்று வழங்கும் பாடல்களில் தத்துவ ஆறுதல் முன்னே நிற்கவில்லை. 'வட்டிலிலும் தொட்டிலிலும் மார்மேலும் தோள்மேலும் கட்டிலிலும் வைத்தென்னைக் காதலித்து' வளர்த்தவளுக்கா விறகிலிட்டுத் தீ மூட்டுவேன் என்று கேட்கிறார். தாய் தன்னை எங்கெங்கே கிடத்தினாள், எங்கெங்கே சுமந்தாள் என்று ஒவ்வோர் இடமாக எண்ணுகிறார். 'அன்னை இட்ட தீ அடிவயிற்றிலே' என்கிறார். 'மூள்க மூள்கவே' என்று தீயையும் மூட்டுகிறார். இவர் துறவியே இல்லை என்று எவரும் சொன்னதாக நான் அறியேன். உள்ளே அழாதே என்ற எபிக்டெட்டஸின் பாடத்தை மறுமுனை மறுத்தார். பட்டினத்தாரும் அதை மறுத்திருப்பார். உள்ளேயும் அழுதார். கை செய்ய வேண்டியதைச் செய்தது.

மறுமுனை எழுதியது:

பட்டினத்தாரை ஏற்றுக்கொள்கிறேன். எபிக்டெட்டஸை இன்னும் ஏற்கவில்லை.

மண்விளக்கு எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் கேள்வி நடைமுறை சார்ந்தது. என் தம்பி குடிக்கு அடிமை. நானும் அம்மாவும் அவனைச் சுற்றியே வாழ்ந்து வருகிறோம். அவன் எழ முடியாத காலைகளில் அவன் அலுவலகத்துக்கு, காய்ச்சல் என்று அம்மாதான் விடுப்புச் செய்தி அனுப்புகிறார். அவன் கடனை நான் அடைக்கிறேன். அவன் வாந்தியை அவன் எழுவதற்குள் துடைத்துவிடுகிறோம். மது அடிமைகளின் குடும்பத்தாருக்காக 1951இல் தொடங்கப்பட்ட அல்-அனான் அமைப்பினர் 'அன்போடு விலகி நில்' என்று சொல்வதைப் படித்தேன். அவர் தாமே செய்துகொள்ளக்கூடியதை அவருக்காகச் செய்யாதே, நெருக்கடியை நீ உண்டாக்காதே, தானாக வரும் நெருக்கடியைத் தடுக்கவும் செய்யாதே என்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். 'பெற்ற பிள்ளையைக் கைகழுவச் சொல்கிறாயா?' என்று கேட்டார். மேலே பேசப்பட்டவற்றில் எது எங்களுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. கூர்ந்து பார்ப்பது என்றால், எங்களைவிட அவனைக் கூர்ந்து பார்ப்பவர்கள் இல்லை. அவன் செருப்புச் சத்தத்திலேயே எவ்வளவு குடித்திருக்கிறான் என்று அம்மா சொல்லிவிடுவார்.

கரையோரம் எழுதியது:

உங்கள் அம்மா கூர்ந்து கேட்பது தம்பியை அன்று, வரப்போகும் ஆபத்தை. சுழலில் வளையத்தைப் பற்றிய அண்ணனும் இமைக்காமல்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

புளியம்பழமும் ஓடும் போல என்று பெரியவர்கள் சொல்வது பழுத்த பிறகு உள்ள நிலையை. காயாக இருக்கும்போது ஓட்டைப் பிரித்தால் சதையும் சேர்ந்து வரும். அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள், மகளே.

மறுமுனை எழுதியது:

இந்த இழையில் நான் அன்பின் பக்கம் நின்று வாதாடி வந்தேன், ஆகவே இதையும் நான்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த விடுப்புச் செய்தி உங்கள் தம்பிக்காக அனுப்பப்படுவதன்று. வேலை போய்விட்டால் தன்னால் தாங்க முடியாது என்று உங்கள் அம்மா அஞ்சுகிறார். அந்த அச்சத்துக்காக அனுப்பப்படுகிறது. அதில் குற்றம் ஏதும் இல்லை. ஆனால் அதை அன்பு என்று அழைத்தால், நிறுத்துவது அன்பை நிறுத்துவதாகிவிடும். அம்மாவால் எந்நாளும் நிறுத்த முடியாது.

இரவுப்பணி எழுதியது:

மண்விளக்கு, அம்மாவிடம் 'விட்டுவிடுங்கள்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பிள்ளையை விடச் சொல்வதாகத்தான் எந்தத் தாயின் காதிலும் அது விழும். செய்கிற வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். அவன் மயங்கிக் கிடக்கும்போது ஒருக்களித்துப் படுக்க வைப்பதும், மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்ப்பதும் நிறுத்தக்கூடாதவை. மல்லாந்து கிடப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தால், ஆம்புலன்ஸை அழையுங்கள். நாட்பட்டுக் குடிப்பவர் திடீரென்று முழுவதுமாக நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம் என்பதால், நிறுத்துவதாக அவனே முன்வந்தாலும் மருத்துவரிடம் அழைத்துப் போவதும் உங்கள் வேலைதான். இவற்றில் எதையும் குறைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் பேசுவதையும் விட வேண்டியதில்லை.

பிறகு, நிறுத்துவதற்கு ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கடனை முதலில் தொட வேண்டாம்; அதில் வீட்டுக்கு வந்து நிற்கும் மூன்றாம் ஆட்கள் இருக்கிறார்கள். விடுப்புச் செய்தியிலிருந்து தொடங்கலாம். அவன் தெளிவாக இருக்கும் ஒரு மாலையில், இனி அலுவலகத்துக்கு நீயே சொல்லிக்கொள் என்று அம்மாவே அவனிடம் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் அக்காவின் கோபமாகப் போய்விடும். முதன்முறையாகச் செய்தி அனுப்பாமல் இருக்கும் காலையில் அம்மாவைத் தனியே விடாதீர்கள். கை அலைபேசிக்குப் போகும். அந்த இரண்டு மணி நேரம் நீங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் இருங்கள்.